வான்வழி அறுபது கிலோமீட்டர்

என்னிடம் ஒரு தூர நோட்டு இருக்கிறது. கெட்டி அட்டை போட்டு நீளவாக்கில் தைத்தது. இப்போது எழுதிக்கொண்டிருப்பது மூன்றாவது நோட்டு. அலுவலகத்தில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் தொடங்கிய பழக்கம். ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் உட்கார்ந்த பிறகும் விடவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஓர் ஊரின் பெயர் இருக்கும். அதன் கீழே, அந்த ஊரிலிருந்து மற்ற ஊர்கள் எவ்வளவு தூரம் என்பது வரிசையாக வரும். ஒவ்வொரு ஊருக்கும் மூன்று கட்டங்கள்: வான்வழி, சாலைவழி, தேதி.

வான்வழி என்றால் விமானம் போகிற பாதை இல்லை. வரைபடத்தில் இரண்டு ஊர்களுக்கு நடுவே நூல் பிடித்தால் வருகிற தூரம். முன்பெல்லாம் பள்ளிக்கூட வரைபடப் புத்தகத்தை விரித்து, அளவுகோல் வைத்துப் பெருக்கிப் பார்ப்பேன். இப்போது அந்த வேலையைப் போனே செய்துவிடுகிறது. நான் இரண்டு முறை சரிபார்த்து எழுதிக்கொள்வேன்.

சாலைவழிக் கட்டத்துக்கு மட்டும் ஒரு விதி வைத்திருக்கிறேன். அந்தச் சாலையில் நான் போயிருக்க வேண்டும். யாரோ சொன்னார், பலகையில் போட்டிருந்தது, போன் காட்டியது என்பதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் நுழைய முடியாது. வண்டியின் மீட்டரைப் பார்த்து எழுதுவேன். பஸ் என்றால் கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டே போவேன். போகாத ஊருக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கும், பக்கத்தில் தேதியும் காலியாக இருக்கும். பத்து வருஷமாகக் காலியாகவே கிடக்கிற கட்டங்கள்கூட உண்டு.

"போயிட்டு வந்த ஊருக்கு எதுக்குத் தூரம் எழுதுதிய? அதான் போயாச்சே" என்று என் மனைவி கேட்பாள். நியாயமான கேள்விதான். 

எனக்குப் பிடித்தது இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம். அதைச் 'சுற்று' என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பேன். பாளையங்கோட்டையிலிருந்து திசையன்விளைக்குச் சுற்று அதிகமில்லை. செம்மண் காட்டுக்குள் சாலை பெரும்பாலும் நினைத்த திசையிலேயே போகிறது. ஏரலுக்கும் அப்படித்தான், ஆற்றோடு வளைந்தாலும் ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் கூடாது. அம்பாசமுத்திரத்திலிருந்து மாஞ்சோலைக்குப் போனால் கதை வேறு. சாலைவழித் தூரம் வான்வழித் தூரத்தைப்போல இரண்டு மடங்கு. மலை வந்துவிட்டால் வரைபடத்து நூலுக்கும் சாலைக்கும் உறவு அறுந்துபோகும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் அந்தத் தவறைச் செய்தேன்.

அம்பாசமுத்திரத்தில் இருப்பது என் அக்கா. நாங்கள் இருவரும் ஏரலில் பிறந்தவர்கள். என்னைவிட நான்கு வயது மூத்தவளை அம்பாசமுத்திரத்தில் நெல் வியாபாரம் செய்கிற குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் அதிகம் பேசமாட்டார். அந்த வீட்டில் பேச்செல்லாம் அக்காவுடையது. அவர்களுக்கு ஒரே மகள், எனக்கு மருமகள். ஊரிலேயே ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை பார்த்தாள். அவளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஆடி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு அக்கா போன் செய்தாள். ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை. பூர்வீகம் கடையம் பக்கம். அவனுடைய அப்பா வேலைக்காக அங்கே போய் அங்கேயே வீடு கட்டிவிட்டார். ஆனி கடைசியிலேயே வந்து பெண் பார்த்துவிட்டும் போயிருக்கிறார்கள். எல்லாம் சொல்லிவிட்டு அக்கா கேட்டாள்:

"தம்பி, உன் நோட்டப் பாத்துச் சொல்லு. இங்கனருந்து திருவனந்தபுரம் எவ்வளவு இருக்கும்?"

அந்த வாரம்தான் நான் அம்பாசமுத்திரத்துப் பக்கத்தைப் புதிதாக அளந்து எழுதியிருந்தேன். அதில் ஒரு விஷயம் என்னை ரொம்பவும் சந்தோஷப்படுத்தியிருந்தது. அம்பாசமுத்திரத்தில் ஒரு முனையை வைத்துக் கிழக்கே ஏரலுக்கு நூல் பிடித்தால் அறுபத்து மூன்று கிலோமீட்டர் வருகிறது. அதே முனையிலிருந்து மேற்கே திருவனந்தபுரத்துக்குப் பிடித்தால் அறுபது. நாங்கள் பிறந்த ஊர் ஒரு பக்கம், மலையாளத்துத் தலைநகரம் மறுபக்கம், அக்காவின் வீடு கிட்டத்தட்ட நட்ட நடுவில். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நான்கு நாட்களாகக் காத்துக்கொண்டிருந்தேன். மனைவியிடம் சொன்னபோது குழம்பு அடிப்பிடிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

"அறுபது கிலோமீட்டர்க்கா" என்றேன்.

"ஏரலு?"

"அறுபத்து மூணு."

"அப்ப ஏரலவிடக் கிட்டமாலே?" என்று கேட்டாள். குரலிலேயே முகம் மலர்ந்தது தெரிந்தது.

"மூணு கிலோமீட்டர் கிட்டம்" என்றேன்.

எந்தக் கட்டத்திலிருந்து படித்தேன் என்று சொல்லவில்லை. பக்கத்தில் சாலைவழிக் கட்டம் காலியாக இருந்தது. நான் திருவனந்தபுரத்துக்குப் பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவில் வழியாகப் போயிருக்கிறேனே தவிர, அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருநாளும் போனதில்லை. அன்றைய நாட்குறிப்பில், 'அக்காவிடம் இரு தூரங்களின் ஒற்றுமையைச் சொன்னேன், மகிழ்ந்தாள்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த வரியைப் பிற்பாடு பலமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா ஏன் தூரம் கேட்டாள் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு வருஷா வருஷம் பிறந்த வீட்டிலிருந்து பொங்கல்படி போகும். பானை, பச்சரிசி, வெல்லம், தேங்காய், மஞ்சள்குலை, சிறுகிழங்கு, கரும்பு. எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் குடும்பத்தில் அதற்கு ஒரு வால் உண்டு. படி கொண்டுபோனவர் அங்கே சாப்பிட்டுவிட்டு அன்றே திரும்ப வேண்டும். பிறந்த வீட்டில் விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் வந்து நின்று, 'புள்ள நல்லா இருக்கா' என்று வாயால் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் திரியில் நெருப்பு வைப்பார்கள். அக்காவுக்குப் படி கொண்டுபோன எங்கள் அப்பா, ஏரலிலிருந்து மூன்று பஸ் மாறி அம்பாசமுத்திரம் போய், ஒரு வருஷம்கூடத் தவறாமல் விளக்குக்கு முன் திரும்பியிருக்கிறார். அவர் தெருவில் வருவது தெரிந்ததும் அம்மா தீப்பெட்டியைக் கையில் எடுப்பாள்.

ஆகவே அக்காவுக்குப் பெண் கொடுக்கிற ஊர் எது என்பது பெரிதில்லை. போய்விட்டு விளக்குக்கு முன்னால் திரும்பலாமா என்பதுதான் கேள்வி. அதனாலேயே மதுரைக்கு வடக்கேயிருந்து வந்த இரண்டு நல்ல வரன்களை அவள் வேண்டாம் என்றிருக்கிறாள். ஏரலைவிடக் கிட்டம் என்று நான் சொன்னதும் மறுபேச்சில்லாமல் மாப்பிள்ளை வீடு பார்க்க நாள் குறித்துவிட்டாள்.

ஆவணி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. ஒரு வேன் பேசியிருந்தார்கள். அக்கா, அத்தான், நான், என் மனைவி. நாங்கள் பாளையங்கோட்டையிலிருந்து போய்ச் சேர்ந்து புறப்படும்போதே மணி எட்டு. ஓட்டுநரிடம் மீட்டரைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவரச் சொன்னது நான்தான். காலியான கட்டத்தை நிரப்பப் போகிறோம் என்ற சந்தோஷம் எனக்கு. அக்கா ஓட்டுநருக்குப் பின்னால், மீட்டர் தெரிகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கடையம் தாண்டும்போது அக்கா ஏரலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். தென்காசியில் காபி குடித்தோம். செங்கோட்டையைக் கடந்து புளியரை வளைவுகளில் வண்டி திணறி ஏறியபோது அவள் பேச்சு குறைந்தது. ஆரியங்காவுக்குப் பக்கத்தில் இரண்டு புறமும் காடு. சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தன. அக்கா முன்னால் குனிந்து மீட்டரைப் பார்த்தாள்.

"அறுபது ஆயிட்டு" என்றாள். "ஊரு எங்கல?"

நான் பதில் சொல்வதற்குள் ஓட்டுநர் முந்திக்கொண்டார். இன்னும் எண்பதுக்கு மேல் கிடக்கிறது, மலை இறங்கவே ஒரு மணி நேரம் பிடிக்கும் என்றார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வான்வழி, சாலைவழி, நூல், மலை எல்லாவற்றையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"ஏலே, பானையும் கரும்பும் வானத்துலயா போவும்?" என்றாள்.

அத்தான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. என் மனைவி வெளிப்படையாகவே சிரித்துவிட்டு, "மயினி, எங்க வீட்டுலயும் இதான் பாடு" என்றாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் மீட்டர் நூற்று நாற்பத்து மூன்று காட்டியது. மணி பன்னிரண்டரை. வீட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை. பையனின் அப்பா அமைதியான மனிதர். அம்மா இலை போட்டுப் பரிமாறிய விதத்திலேயே கடையத்துக் கை தெரிந்தது. பேச்சில் மட்டும் ஓர் இழுவை, அந்த ஊர்க் காற்றில் ஒட்டிக்கொண்டது. பையன் கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொன்னான், கேட்காததற்குச் சும்மா இருந்தான். புறப்பட மூன்றரை ஆகிவிட்டது. அம்பாசமுத்திரம் திரும்பும்போது ஏழே முக்கால். மருமகள் விளக்கு ஏற்றி வைத்துவிட்டு எங்களுக்காகத் தனியாக உட்கார்ந்திருந்தாள். அக்கா அந்த விளக்கைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை என்னிடம் முடிவைச் சொன்னாள். பையனிடம் குறையில்லை, வீட்டிலும் குறையில்லை, போய்வர முடியாத இடத்தில் பெண்ணைக் கொடுக்க மனசு வரவில்லை. உடனே வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் மனசு புண்படும். புரட்டாசியில் எப்படியும் கல்யாணப் பேச்சு பேசமாட்டார்கள். ஐப்பசி பிறந்ததும் சொல்லிவிடலாம். அதுவரை யாரும் வாயைத் திறக்க வேண்டாம்.

புரட்டாசி முதல் வாரத்தில், தன் விடுமுறை நாளில், மருமகள் பாளையங்கோட்டைக்கு வந்தாள். என் மனைவியோடு கொஞ்ச நேரம் பேசியிருந்துவிட்டு என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். நோட்டைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அம்பாசமுத்திரத்துப் பக்கத்தைத் திருப்பி, திருவனந்தபுரம் என்ற வரியில் விரலை வைத்தாள்.

"எனக்குப் பிடிச்சிருக்கு மாமா" என்றாள்.

அம்மாவிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன். சொல்லியாகிவிட்டது, 'எனக்கும்தான் பிடிச்சிருக்கு' என்று அம்மா சொல்கிறாள், அதற்கு மேல் அங்கே பேச்சு நகரவில்லை என்றாள். அம்மா மனசைத் தள்ளிவிட்டுப் போகிற எண்ணம் அவளுக்கு இல்லை. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தணிந்தது. பிறகு நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அன்னைக்கு இந்தக் கட்டம் காலியாத்தான இருந்துச்சு? காலியா இருக்குன்னு சொல்லிருக்கலாம்லா மாமா."

கோபமாகச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டில் அளவு விட்டுப்போயிருந்தால் டாக்டருக்குப் போன் செய்து எப்படிக் கேட்பாளோ, அப்படிக் கேட்டாள். முப்பது வருஷம் கோப்பு பார்த்தவனுக்கு அதற்கு மேல் வேறு குறிப்பு தேவையில்லை.

அவள் போன பிறகு ஒரு தாளை எடுத்து நேரத்தைக் கணக்கிட்டேன். வேன் போக நாலரை மணி நேரம், வர நாலேகால். அன்று எட்டு மணிக்குப் புறப்பட்டு, மூன்று மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தோம். விடியற்காலை ஐந்துக்குப் புறப்பட்டிருந்தால்? நூற்று நாற்பத்து மூன்றை யாராலும் குறைக்க முடியாது. ஆனால் அக்கா கிலோமீட்டர் கேட்கவே இல்லையே. விளக்குக்கு முன் திரும்ப முடியுமா என்றுதானே கேட்டாள். நான் தவறான கட்டத்தைப் படித்தேன் என்பது ஒன்று. அவள் கேட்டதற்கு என் நோட்டில் கட்டமே இல்லை என்பது இன்னொன்று.

அடுத்த நாள் அம்பாசமுத்திரம் போனேன். என் தவறுதான் என்று முதலில் ஒப்புக்கொண்டேன். பிறகு, படியை நானே ஒருநாள் கொண்டுபோய்த் திரும்பிக் காட்டுகிறேன் என்றேன். தாய்மாமன் நான், நாளைக்கு உண்மையாகவே படி போவதென்றாலும் என் தோளில்தான் போகும்.

"ஓட்டிப் பாக்கப் போறியாக்கும்?" என்றாள் அக்கா.

"ஆமா."

அவள் கேலி செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. யோசித்துவிட்டு ஒவ்வொன்றாக நிபந்தனை சொன்னாள். வேன், கார் கூடாது. எல்லா வருஷமும் வண்டி பேச முடியாது, பஸ்தான். வெறும் கையோடு போவது கணக்கில் வராது, முழுப் படியும் போக வேண்டும். போய்ச் சேர்ந்தேன், புறப்பட்டேன் என்று போனில் சொல்லக் கூடாது. போனில் சொல்வதாக இருந்தால் எந்த ஊருக்கும் பெண்ணைக் கொடுக்கலாமே என்றாள். அவர்களிடம் என்ன சொல்லிக்கொண்டு போய் நிற்பது என்று கேட்டேன். "உள்ளதச் சொல்லு" என்றாள். நியாயமான பரீட்சை. வினாத்தாளை இவ்வளவு நேர்மையாகத் தயாரித்த ஒருவரை நான் அலுவலகத்தில்கூடப் பார்த்ததில்லை.

புரட்டாசி கடைசி வாரம், புதன்கிழமை என்று முடிவானது. செவ்வாய் மாலையே அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். அவளே வெண்கலப் பானையை எடுத்துத் தேய்த்து வைத்திருந்தாள். வெறும் பானை ஆகாது என்று பச்சரிசி நிரப்பி, மேலே வெல்லமும் இரண்டு தேங்காயும் வைத்துத் துணியால் கட்டினாள். கரும்புக்குத்தான் பருவம் இல்லை. விட்டுவிடலாம் என்றேன்.

"கரும்பு இல்லாமப் படியா?" என்றாள்.

அத்தான் போய், நெல் கொட்டகையிலிருந்து கரும்பு நீளத்துக்கு இரண்டு மூங்கில் கம்புகளைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார்.

காலை ஐந்து மணிக்கு முதல் பஸ். தென்காசியில் இறங்கித் திருவனந்தபுரம் பஸ் ஏறினேன். பானையை மடியில் வைத்துக்கொண்டேன். கம்புகளை நடைபாதையில் ஓரமாகக் கிடத்தினேன். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிய எல்லோரும் ஒரு கேள்வி கேட்டார்கள். பந்தல் போடவா, கொடி நடவா, பாம்பு அடிக்கவா என்று. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவரிடம் மட்டும், இது கரும்பு, பருவம் இல்லாததால் மூங்கிலாக இருக்கிறது என்றேன். அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

பத்தேகாலுக்கு மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றேன். வருவதாகச் சொல்லியிருக்கவில்லை. பையன் அன்று வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தான். அவன்தான் கதவைத் திறந்தான். பானையையும் கம்புகளையும் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு முதலில் பானையை வாங்கி உள்ளே வைத்தான். அக்கா சொன்னபடி உள்ளதைச் சொன்னேன்: எங்கள் வீட்டு வழக்கம், அக்காவின் மனசு, என் நோட்டு, அறுபது என்று சொன்னது, எல்லாவற்றையும். பையனின் அம்மா பாதியிலேயே எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பதினொன்றரைக்குள் சாப்பாடு ஆகிவிடும், பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று உள்ளேயிருந்தே சொன்னாள். கடையத்துப் பெண்ணுக்கு விளக்கு என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

புறப்படும்போது பானையை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று நேந்திரம் பழங்களால் நிரப்பினாள். நான் கம்புகளை எடுக்கப் போனேன்.

"அது இங்கனயே கெடக்கட்டும்" என்றாள். "அடுத்த தடவ கரும்பா வரட்டும்."

பையன் தன் மோட்டார் சைக்கிளில் என்னைப் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டான். பஸ் புறப்படும்வரை ஜன்னலுக்குக் கீழே நின்றான். நான் நோட்டை எடுத்துக் குறிப்பதைப் பார்த்து, திரும்பிப் போகிற தூரத்தையும் தனியாக எழுதுவீர்களா, இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று கேட்டான். ஒன்றாக இருக்காது, ஒருவழிப் பாதைகளில் பஸ் வேறு தெருவாக வரும், சில சமயம் ஒரு கிலோமீட்டர்கூட மாறும் என்றேன். அப்படியானால் இரண்டையும் எழுதினால்தான் சரி என்றான். இத்தனை வருஷத்தில் அந்த நோட்டைப் பற்றி என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டவர் வேறு யாருமில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கும் இந்தக் கல்யாணம் நடந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

பஸ் நேரத்துக்குப் போயிருந்தால் ஐந்தே முக்காலுக்குள் அம்பாசமுத்திரம் வந்திருப்பேன். ஆரியங்காவுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. புளியரை வளைவில் ஒரு லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. முன்னால் இருபது வண்டி, பின்னால் எத்தனை என்று தெரியவில்லை. கீழே செங்கோட்டை வயல்கள் வெயிலில் பளபளவென்று கிடந்தன. கூப்பிடு தூரம்தான், வான்வழியில் இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. மடியில் பழப் பானையை வைத்துக்கொண்டு ஐம்பது நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குப் போன் செய்யலாமா என்று இரண்டு தடவை போனை எடுத்தேன். இரண்டு தடவையும் உள்ளே வைத்துவிட்டேன்.

தென்காசியில் பஸ் மாறி வரும்போது வலப்புறம் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அம்பாசமுத்திரத்தில் பொழுது சீக்கிரமே மங்கிவிடும். மலை முன்கூட்டியே வெயிலை மறைத்துக்கொள்ளும். சாலையை இரண்டு மடங்காக்குவதும் அந்த மலைதான், மாலையைக் குறைப்பதும் அதுவேதான் என்று நினைத்துக்கொண்டேன். வேறு சமயமாக இருந்தால் அதை நோட்டின் ஓரத்தில் எழுதியிருப்பேன்.

நான் இறங்கும்போது மணி ஆறு இருபத்தேழு. அக்கா வீட்டில் வழக்கமாக ஆறு மணிக்கு விளக்கு எரியும். பானையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு ஏற்றியாகிவிட்டது. அக்கா வீட்டு வாசல் மட்டும் இருட்டாக இருந்தது. கோபத்தில் எங்காவது போய்விட்டாளோ என்று ஒரு கணம் தோன்றியது.

உள்ளே போனேன். பூஜை மாடத்துக்கு முன்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள். விளக்கில் எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, கையில் தீப்பெட்டி. பக்கத்தில் மருமகள் சுவரோடு ஒட்டி நின்றாள். அத்தான் கொசு விசிறியோடு நாற்காலியில் இருந்தார்.

"அர மணி நேரமாத் திரிய நிமித்திக்கிட்டே இருக்கா" என்றார் அவர். அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "சொல்லு" என்றாள்.

"அங்கன எல்லாரும் நல்லா இருக்காவ" என்றேன்.

அவள் குச்சியைக் கிழித்தாள். விளக்கு நின்று எரியத் தொடங்கியதும் கும்பிட்டுவிட்டு எழுந்தாள். பானையின் துணியை அவிழ்த்துப் பழத்தைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து மருமகளிடம் கொடுத்தாள். மருமகள் அதை உரிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பானைய நெறச்சுத்தான் அனுப்பிருக்காவ" என்றாள் அக்கா. "ஐப்பசி பொறந்ததும் தாம்பூலம் மாத்திக்கிடலாம்னு அத்தான சொல்லச் சொல்லு."

அத்தான் இரண்டடி தூரத்தில்தான் இருந்தார். சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் கை கால் கழுவிவிட்டு நோட்டை எடுத்தேன். அக்கா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"மணி என்ன எழுதப் போற?"

"ஆறு முப்பத்தஞ்சு. அதான நேரம்?"

"ஆறுன்னு எழுதேன். யாரு பாக்கப் போறா?"

பொய்யாக ஓர் எண்ணை இன்றுவரை அந்த நோட்டில் எழுதியதில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆறு முப்பத்தைந்து என்று எழுதவும் கை வரவில்லை. பிறகு திருவனந்தபுரத்து வரியில், புதிதாக ஒரு கட்டம் கோடு போட்டு, 'விளக்குக்கு முன்' என்று எழுதினேன். அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தாள். சரிதான் என்று தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

கல்யாணம் தை மாதத்தில் நடந்தது. அதற்கு அடுத்த பொங்கலுக்கு உண்மையான கரும்போடு போனேன். வாசலில் அந்த இரண்டு மூங்கில்களையும் நட்டு அவரைக்கொடி ஏற்றியிருந்தார்கள். அதிலிருந்து வருஷம் தவறாமல் போய்வருகிறேன். தூரம் நூற்று நாற்பத்து மூன்றுதான். ஒரு வருஷம் மட்டும் மாற்றுப்பாதையில் விட்டதால் நூற்று ஐம்பத்தொன்று. கரும்போடு போன முதல் தடவை ஆறு இருபதுக்கு வந்தேன். போன வருஷம் மலையில் பனிமூட்டம், வீடு வந்து சேரும்போது ஏழு பத்து. தெருவில் அக்கா வீடு மட்டும் இருட்டாக இருந்தது. நான்காவது கட்டத்தில் எல்லா வருஷத்துக்கும் ஒரே வார்த்தைதான் எழுதியிருக்கிறேன். எல்லாம் உண்மை.